4172-ஆம் ஆணி

நவம்பர் 23, 2025 – ஞாயிறு

பரீட்சைத் தாள் நாற்பத்திரண்டு திருத்தினேன். இன்னும் அறுபது இருக்கிறது.

மதியம் ரசம் ஊற்றிக்கொண்டே அண்ணா, "பெட்டா ஏறணும்" என்றார். உப்பு பத்தவில்லை என்று சொல்கிற அதே குரல்.

பெட்டா தங்கச் சுரங்க ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுப் பின்வாசலில் நின்றால் தெரிகிற மலை. கன்னடத்தில் மலை என்றே அர்த்தம். அதற்குத் தனியாக ஒரு பெயர் இருப்பதாக எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பில் யாரும் காட்டிக்கொண்டதில்லை. அடிவாரத்திலிருந்து எண்ணூறு அடி இருக்கும். ஐம்பத்தேழு வயதுவரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருமுறையும் ஏறவில்லை. இப்போது, கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறவருக்கு ஆசை வந்திருக்கிறது.

"எட்டாயிரம் அடி கீழ போனவன் நானு. எண்ணூறு அடி மேல போவ முடியாதா?"

"கீழ போறதுக்குக் கேஜ்னு ஒரு கூண்டு இருந்துச்சு" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ரசம் ஆறிப்போயிற்று.

நவம்பர் 24

எலைன் போனில். அண்ணனின் ஒரே மகள், பெங்களூரில் வேலை. பிப்ரவரி முதல் தேதி அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போகிறாள். வீடு பார்த்தாயிற்று, லிஃப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம். அண்ணி போன பிறகு ஆறு வருடம் இந்த வீட்டில் அண்ணனும் நானும்தான். எலைன் செய்வது சரிதான். சரி என்று எனக்கு நானே இன்று மூன்று தடவை சொல்லிக்கொண்டேன்.

மலை விஷயத்தைச் சொன்னேன். "அத்தே, பேடவே பேடா, வேணாம்னா வேணாம். லங்ஸ் ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா அவருக்கு? நீங்க சொன்னாதான் கேப்பாரு."

நான் சொன்னால் கேட்பார் என்று எல்லோரும் எங்கிருந்து கண்டுபிடித்தார்கள்?

நவம்பர் 30 – ஞாயிறு

காரணம் இன்றுதான் தெரிந்தது.

சமையலறையில் சாவிக்கொத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பித்தளை வில்லை தொங்குகிறது. 4172 என்று வெட்டியிருக்கும். அண்ணனின் டோக்கன். கோயிலுக்குப் போய்வந்த கையோடு அதைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இத பெட்டா மேல கொண்டுபோய் மாட்டணும், பியூலா."

சுரங்கத்தில் இறங்கும்போது டைம் ஆபீசில் அவரவர் டோக்கனை எடுத்துக்கொண்டு போவார்கள். மேலே வந்ததும் ஜன்னலில் கொடுத்துவிட வேண்டும். பலகையில் அந்த எண்ணுக்குரிய ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான். சுரங்கத்தை மூடிய அந்தக் கடைசி ஷிஃப்டில் வாசலெல்லாம் கூட்டம், கோஷம், அழுகை. டோக்கன் வாங்க ஜன்னலில் ஆளே இல்லை. அண்ணா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கணக்குப்படி நான் இன்னும் கீழதான் கீறேன். இருபத்து நாலு வருசமா ஓவர்டைம்."

"எந்தக் கணக்கு? பலகையே இல்ல. அந்த ஆபீசுக்குக் கூரையே இல்லண்ணா."

"அதத்தான் நானும் சொல்றேன். பலக இல்ல. அப்போ இருக்கறதுலயே ஒசரமான எடத்துல மாட்டிட்டுப் போறேன். பெங்களூரு போய் லிஃப்டுல ஏறி எறங்கறதுக்கு முன்ன நான் ஒருதபா ஒழுங்கா மேல வரணும்."

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள். இதற்கெல்லாம் தலையாட்ட எனக்கு வராது. ஆட்டவில்லை. ஆனால் எண் தெரிகிறதா என்று வாங்கிப் பார்த்தேன். பளபளவென்று தெரிந்தது.

டிசம்பர் 3

கல்லூரிக்குப் போகும் ரயிலில் எழுதுகிறேன். அதிசயமாக ஜன்னலோரம் கிடைத்தது.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கின. சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் ஊர் குலுங்கும். அதற்கெல்லாம் இங்கே யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சங்கு ஊதினால்தான் ஓடுவார்கள். அன்று ஊதியது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நந்திதுர்க் சுரங்கத்து டைம் ஆபீசுக்கு ஓடினாள். கூட்டத்தில் ஜன்னல்வழி எட்டிப் பார்த்து எண் படிக்க அவளுக்கு வராது. மற்றப் பெண்களில் பாதிப் பேருக்கும் வராது. என்னை ஒரு கல்மேல் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டு எண்ணைச் சொல்ல, நான் பலகையைப் பார்த்துச் சொன்னேன். இருக்கு. இருக்கு. காலி. இருக்கு. காலி.

4172 காலி.

அம்மா கேட்டபோது, "சரியாத் தெரியலம்மா, கம்பி மறைக்குது" என்றேன். இரண்டு மணி நேரம் மறைத்தது. பிறகு அண்ணா முகமெல்லாம் சேறாக வெளியே வந்தார். எங்களைப் பார்த்து, "இன்னா, எல்லாரும் சினிமாவுக்கு வந்தீங்களா?" என்றார்.

அப்பா இறந்த வருடம் படிப்பை விட்டுவிட்டு அண்ணா கீழே இறங்கினார். நான் எம்.எஸ்சி. வரை போனேன். இதை நாங்கள் பேசுவதில்லை. அந்தக் கல்மேல் நின்றதையும் அவரிடம் சொன்னதில்லை.

பங்காருப்பேட்டை. கூட்டம் ஏறுகிறது. மூடிவைக்கிறேன்.

டிசம்பர் 6

டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். ஏறினால் என்ன ஆகும், எவ்வளவு சாத்தியம் என்று கேட்டேன். "மேடம், நீங்க நம்பர் கேக்கறீங்க. எங்கிட்ட நம்பர் இல்ல" என்றார். ஏறவேண்டாம் என்பதுதான் அவர் ஆலோசனை. ஏறியே தீருவார் என்றால் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். 85-க்குக் கீழ் வந்தால் உட்கார வேண்டும், திரும்ப வேண்டும்.

கருவி வாங்கினேன். எனக்கு இப்போது ஒரு நம்பர் கிடைத்துவிட்டது. அண்ணனிடம் சொன்னேன்: 85. அதற்குக் கீழே ஒரு அடி கிடையாது. எலைனுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் வர்றியா?"

பின்னே?

டிசம்பர் 14 – ஞாயிறு

பழக்கத்துக்காக ஆண்டர்சன்பேட்டை வரை நடத்திக் கூட்டிப்போனேன். நாலு இடத்தில் உட்கார்ந்தோம். 92, 90, 91.

டீக்கடையில் மரியகுழந்தை. அண்ணனோடு ஒரே கேஜில் இறங்கினவர், அவருக்கு மட்டும் வாய் இன்னும் தேயவில்லை.

"இன்னாடா இன்பராஜு, பெட்டா ஏறப்போறியாமே? மேல போறதுக்கு இன்னா அவசரம்? அவரே கூப்புடுவாரு."

"கூப்புட்டா ரோடு தெரியணும்ல. பாத்து வெச்சிக்கிறேன்."

"டீச்சரம்மா, நீங்க சொல்லக் கூடாதா?"

சொல்லிப் பார்த்தாயிற்று என்றேன். "அப்போ ஒண்ணு பண்ணுங்க, நானும் வரேன், என்ன நீங்க தூக்கிகினு போங்க" என்றார். அண்ணா டீயைச் சிந்திவிட்டார். இப்படி அவர் சிரித்து நாளாயிற்று.

டிசம்பர் 20

93. 91. 92.

டிசம்பர் 25

அண்ணா மட்டும் கோயிலுக்குப் போய்வந்தார். நான் வீட்டில் பிரியாணி. வழக்கம்போல என்னை வா என்று கூப்பிடவில்லை, வழக்கம்போல எனக்கும் சேர்த்துக் காணிக்கை போட்டுவிட்டு வந்தார். நாளை மறுநாள் ஏறுகிறோம். வானிலை: காலையில் மூடுபனி. தள்ளிவைக்கலாம் என்றேன். "இருட்டுல பதிமூணு வருசம் நடந்தவனுக்குப் பனியா?"

டிசம்பர் 27 – சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆறரைக்கு ஆட்டோ அடிவாரத்தில் விட்டது. ஆட்டோக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டே திரும்பிப் போனார், பத்தடியில் விளக்கும் காணாமல் போயிற்று. மலை இருக்கிறது என்பதை நம்பித்தான் ஏற வேண்டியிருந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் தெலுங்கில், மேலே மஞ்சு இறங்கியிருக்கிறது, போனாலும் ஒன்றும் தெரியாது என்றாள். அண்ணா அதே தெலுங்கில், பார்ப்பதற்குப் போகவில்லையம்மா, மாட்டுவதற்குப் போகிறோம் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஆடுகளைப் பார்த்தேன்.

கொஞ்ச தூரம் நடப்பது, உட்காருவது. உட்காரும் ஒவ்வொரு இடத்துக்கும் சுரங்கத் தளங்களுக்குக் கொடுப்பதுபோல அவர் ஒரு லெவல் எண் கொடுத்தார். "மூணாவது லெவல். எல்லாரும் எறங்குங்க." மிதித்தால் எலுமிச்சை மணக்கும் புல் வழியெல்லாம். ஈரத்தில் மணம் தூக்கலாக இருந்தது. அவர் ஆழமாக இழுக்கப் பார்த்து, முடியாமல், பாதியில் விட்டார். 91. 89. 88.

ஒன்பதாவது லெவலில் 86. குளிர்ந்த விரலில் இந்தக் கருவி சரியாகக் காட்டாது என்பது எனக்குத் தெரியும். அவர் கையை என் இரண்டு கைக்குள் வைத்து ஊதி ஊதிச் சூடாக்கினேன். கையைத் தொட்டு எத்தனை வருடம்? முதல் வகுப்பில் பள்ளிக்கூடம் கூட்டிப்போனபோது பிடித்த கை. உள்ளங்கையில் இப்போது சுரங்கத்துச் சொரசொரப்பு. 88 காட்டியது. எந்தக் கருவியையும் இப்படி ஏமாற்றியதில்லை.

அதற்கு மேல் பாறை. அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது, அதுவும் சாம்பலாக. மூச்சு விசில்போலக் கேட்டது. என் முட்டியும் சும்மா இல்லை.

பிறகு இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் ஒரு சமதளம். திடீரென்று முகத்தில் காற்று. நாங்கள் ஏறிவந்த பக்கத்தில் இலைகூட அசையவில்லை, இங்கே என் முந்தானை பறக்கிறது.

அண்ணா நின்றுவிட்டார். கண்ணை மூடி முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.

"காத்து வந்துட்டுது, பியூலா. வந்துட்டோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. கீழே வெக்கையில் நடந்து நடந்து வரும்போது, முகத்தில் குளிர்ந்த காற்று பட்டால் கேஜ் போய்வரும் குழி, ஷாஃப்ட், வந்துவிட்டது என்று அர்த்தமாம். கேஜ் பக்கத்தில், வேலை முடிந்தது, இனி மேலே. பதிமூன்று வருடம் அவர் உடம்பு கற்ற பாடம். காற்று வந்தால் வந்து சேர்ந்தாயிற்று.

என் கையில் உயரம் காட்டும் போன் இருந்தது. உச்சிக்கு இன்னும் நூற்றுத் தொண்ணூறு அடி. நாங்கள் நின்றது மலையின் தோள். அவருடைய விரலில் கருவி இருந்தது. 81.

உதடு நீலமாக இருந்தது. கண் திறந்து என்னைக் கேட்டார், சின்னப்பிள்ளை மாதிரி:

"வந்துட்டோம்ல?"

மாணவர்கள் தசமப்புள்ளி தப்பாகப் போட்டால்கூட நான் விடுவதில்லை. பாதிரியார் பிரசங்கத்தில் வருடம் தப்பாகச் சொன்னதற்குக் கடிதம் எழுதினவள்.

"ஆமாண்ணா. வந்துட்டோம். இதுக்கு மேல இல்ல."

பாறை இடுக்கில் ஒரு காய்ந்த முள்மரம். டோக்கனை அதன் கிளையில் மாட்டினார். மூன்றாவது முறைதான் மாட்ட வந்தது, நான் உதவப் போகவில்லை. பிறகு ஜெபம் செய்தார். நான் கண்ணை மூடவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அரைமணி நேரம் உட்கார்ந்தோம். 87 வந்த பிறகுதான் எழ விட்டேன்.

இறங்கும்போது இன்னொரு சோதனை. பாதி வழியில் பனி கலைய ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தால் தலைக்கு மேலே நிஜமான உச்சி நிற்கும். நான் அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்தேன். "திரும்பாதீங்கண்ணா, வழுக்கும். முன்னாடி பாருங்க." மரியகுழந்தை கதை ஒன்றைக் கேட்டேன், முடிந்ததும் இன்னொன்று கேட்டேன். இந்த வருடத்தில் நான் இவ்வளவு பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறார். 91.

பொய் சொன்னேன். இது இரண்டாவது.

டிசம்பர் 28

பின்கதவைச் சாத்திவைத்தேன். சளிக்காற்று ஆகாது என்று சொன்னேன்.

ஜனவரி 2, 2026

துடைத்துவிட்ட வானம். துணி உலர்த்தப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். தோள் ஒரு பக்கம், உச்சி ஒரு பக்கம், நடுவில் அந்த நூற்றுத் தொண்ணூறு அடி. கண் மங்கினவர்களுக்கும் தெரியும். கதவை மறுபடி சாத்தினேன். அண்ணா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 4 – ஞாயிறு

மரியகுழந்தை வந்தார். "உச்சியிலயே மாட்டிட்டியாமே! எந்த எடம்னு காட்டு" என்று நேராகப் பின்பக்கம் நடந்தார். நான் டீத் தட்டோடு குறுக்கே நின்று, பின்னால் பாம்பு நடமாட்டம் இருக்கிறது என்றேன்.

"ஜனவரி குளிர்லயா?"

"நேத்துதான் பாத்தேன்."

உட்கார்ந்துவிட்டார். அண்ணா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்.

மூன்று. கதவைக் கணக்கில் எடுக்கவில்லை. பழகிவிட்டது. ஆனால் இதற்கு என்ன முடிவு? பிப்ரவரி முதல் தேதி வரை ஒரு மலையை மறைத்துவைக்க முடியுமா? மறைத்தாலும் டோக்கன் அங்கேதான் தொங்கும். அவர் கேட்டது உச்சி. இருப்பது தோள். யாருக்கு என்ன நஷ்டம் என்று நானே கேட்டுக்கொள்கிறேன், அதற்குப் பதிலும் தெரிகிறது, ஒன்றுமில்லை. அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை?

கம்பி மறைக்கிறது என்று சொல்லிவிட்டு நின்ற அந்த இரண்டு மணி நேரம் மாதிரியே இருக்கிறது.

ஜனவரி 10 – சனி

கல்லூரியில் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றைவிடப் பனி அதிகம். தனியாக ஏறினேன். முட்டிக்குத் துணி சுற்றியிருந்தேன். அவர் எண் கொடுத்த லெவல்களிலெல்லாம் என்னை அறியாமல் உட்கார்ந்தேன். ஒன்பதாவதில் கையை ஊதிக்கொண்டேன், சிரிப்பு வந்தது.

முள்மரத்தில் டோக்கன் இருந்தது, பனித்துளி கோத்து. கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து மேலே வழி கிடையாது, பாறைதான். இரண்டு இடத்தில் நாலு காலால் ஏறினேன். நாற்பத்தொன்பது வயதில், கல்லூரிப் பேராசிரியை. ஒரு இடத்தில் எது மேல், எது பக்கம் என்றே தெரியவில்லை. அழுகை வந்தது. எதுக்கு இந்த வேல எனக்கு, யார் கேட்டாங்க இத — சத்தமாகவே சொன்னேன். பனி எதையும் திருப்பிச் சொல்லவில்லை. பிறகு மேலே பாறை இல்லை, வெறும் வெள்ளை.

உச்சியில் ஒரு கற்குவியல், அதில் நட்ட இரும்புக் கம்பி. பழைய சர்வே ஆட்கள் வைத்ததாக இருக்கலாம். கம்பியின் தலை ஆணிபோல மடங்கியிருந்தது. மாட்டினேன். ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. ஒன்றும் பார்க்கக் கிடைக்காத உச்சி.

இறங்குவதற்கு முன், யாரும் இல்லாததால், சொன்னேன்: "நாலாயிரத்து நூத்தி எழுபத்திரண்டு. இருக்கு."

ஜனவரி 11

முட்டி வீக்கம். கல்லூரிப் படிக்கட்டில் தடுக்கியது என்றேன். அண்ணா எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். வாசலில் கழற்றிப்போட்ட என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு எடுத்துக் கழுவிவைத்தார்.

ஜனவரி 25

பெட்டிகள் கட்டுகிறோம். அண்ணியின் புடவைகள் மட்டும் அலமாரியிலேயே இருக்கின்றன.

பிப்ரவரி 1 – ஞாயிறு

எலைன் காரில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணா சமையலறை வழியாக நடந்து போய், நான் எட்டுவதற்குள் பின்கதவின் தாழ்ப்பாளைத் திறந்தார்.

வெயில். ஒரு மேகம் இல்லை. பெட்டா முழுசாக நின்றது.

நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மூச்சு சீராகும்வரை நானும் பக்கத்தில் நின்றேன்.

"இன்னும் கொஞ்சம் மேல மாட்டியிருக்கலாம்" என்றார்.

"மாட்டியாச்சு."

திரும்பினார். "எப்போ?"

"பத்தாம் தேதி."

"காலேஜுல வேலன்னியே?"

"ஆமா."

மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் முட்டியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ கதவ சாத்துனியே, அன்னிக்கே. இந்த வீட்ல சளிக்காத்துக்கு எவன் கதவ சாத்தினான்? மறுநா காலைல நீ ரயிலுக்குப் போனப்புறம் தொறந்து பாத்தேன். நான் நின்ன எடம் அங்க, தோள்பட்டைல."

"ஏன் சொல்லல?"

"அம்பது வருசத்துல என் தங்கச்சி ஒரே ஒரு பொய் சொல்லிச்சு. அதுவும் எனக்காவ. அத இன்னாத்துக்குக் கெடுக்கணும்?"

நாற்பத்தொன்பது என்று திருத்த வாயெடுத்தேன். வேறு ஒன்றைத் திருத்தினேன்.

"ஒண்ணு இல்லண்ணா. ரெண்டு. முதல்ல சொன்னது அம்மாகிட்ட. அதுவும் உங்களுக்காகத்தான்."

"பாம்ப சேத்தியா?"

"பாம்ப சேத்தா மூணு. கதவையும் காலேஜையும் சேத்தா எண்ணி முடியாது."

சிரித்து, இருமி, கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "அம்மாகிட்டயா? இன்னா பொய்யி அது?"

எலைன் ஹாரன் அடித்தாள். சனிக்கிழமை வருகிறேன், வந்து சொல்கிறேன், கொஞ்சம் பெரிய கதை என்றேன். நான் கதை சொல்வதா என்பதுபோலப் பார்த்தார். காரில் ஏறும்போது என் தலையில் கை வைத்தார்.

இப்போது மணி நாலு. வீட்டில் சத்தமில்லை. பாத்திரம் கழுவினேன். சாவியை மாட்டினேன். பக்கத்து ஆணி காலி.

பின்கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.